24 படிகளில் ஒரு கொடி

நேபாள அரசமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் படிக்க உட்காருகிறவர் பக்கத்தில் பென்சிலும் ஸ்கேலும் காம்பஸும் வைத்துக்கொள்வது நல்லது. கருஞ்சிவப்புத் துணியின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக, வேண்டிய நீளத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லி அது தொடங்குகிறது. இடது முனையிலிருந்து மேலே ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு சாய்வு. இப்படியே இணைகோடு, நடுப்புள்ளி, அரைவட்டம், வில் என்று போய் 24ஆவது படியில் முடிகிறது. முடியும்போது ஒரு தேசியக்கொடி கையில் இருக்கும். ஒரு நாட்டின் தலையாய சட்டம் தன் குடிமக்களுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறது என்பதே எனக்குப் பெரிய அழகாகப் படுகிறது.

உலக நாடுகளின் கொடிகளில் நாற்கரமாக இல்லாதது நேபாளக் கொடி ஒன்றுதான். அகலத்தைவிட உயரம் கூடியதும் அது மட்டுமே. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணங்கள். மேலே வெள்ளைப் பிறை, கீழே வெள்ளைச் சூரியன், சுற்றிலும் கருநீலக் கரை. செவ்வகக் கொடியென்றால் நீளம் அகலம் இரண்டைச் சொன்னால் தைத்துவிடலாம். இதற்கு இரண்டு எண் போதாது. மேல்முக்கோணம் எங்கே முடிந்து கீழ்முக்கோணம் எங்கே தொடங்குகிறது, எந்தச் சாய்வில் இறங்குகிறது, பிறை எவ்வளவு தடிமன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும்.

இந்த வடிவம் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததில்லை. இமயமலை நாடுகளில் கோயிலிலும் படையிலும் முக்கோணக் கொடி பறப்பது பழைய வழக்கம். நேபாளத்தில் ஆளும் குடும்பத்தின் இரு கிளைகள் தனித்தனி முக்கோணக் கொடி வைத்திருந்தன. அவை இரண்டும் சேர்ந்ததே இன்றைய கொடி என்பார்கள். அரசர்களாக ஷா வம்சம் இருந்தாலும், 1846 முதல் 1951 வரை அதிகாரம் பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களின் கையில் இருந்தது. பிறை அரச குடும்பத்தையும் சூரியன் ராணாக்களையும் குறிப்பதாக ஒரு விளக்கம் நெடுங்காலமாக உண்டு. சூரியனும் சந்திரனும் உள்ளவரை நாடு நிலைக்கட்டும் என்பது இன்னொரு விளக்கம். நமக்கு இரண்டாவதுதான் நெருக்கம். சோழர் காலக் கோயில் தானங்களும் கதிரும் மதியும் உள்ளவரை நடக்க வேண்டும் என்றுதானே கல்லில் வெட்டப்பட்டன? அதே இரண்டு சாட்சிகள் அங்கே துணியில் ஏறியிருக்கின்றன.

பழைய கொடிகளில் அந்தச் சாட்சிகளுக்கு முகம் இருந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் எழுதிய சூரியன். முகம் எழுதிய பிறை. முகம் எழுதும் கைக்கு ஏற்றபடி கொடியும் மாறும். முக்கோணங்களின் சாய்வுக்கும் கணக்கு எழுதிவைக்கப்படவில்லை. அரண்மனை வாசலிலும் படை அணிவகுப்பிலும் மட்டும் பறக்கும் வரை அது ஒரு குறையாகப் பட்டிருக்காது. 1955 டிசம்பர் 14 அன்று நேபாளம் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. அதன்பிறகு, காத்மாண்டுவைக் கண்ணால் பார்த்திராத தையற்காரர்களும் அச்சகங்களும் இந்தக் கொடியைச் செய்ய வேண்டிய நிலை. எது சரியான நேபாளக் கொடி என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு மூலம் தேவைப்பட்டது.

அந்த மூலம் பிறந்த வேளை நல்ல வேளை என்று சொல்ல முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்த பி.பி. கொய்ராலாவின் அரசை அரசர் மகேந்திரா 1960 டிசம்பர் 15 அன்று கலைத்து, பிரதமரையே சிறையில் அடைத்தார். கட்சிகளுக்குத் தடை வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962 டிசம்பர் 16 அன்று, கட்சியில்லாப் பஞ்சாயத்து முறைக்கான அரசமைப்புச் சட்டத்தை அவர் அறிவித்தார். கொடியின் இன்றைய வடிவம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில், அதே சட்டத்தோடுதான். மக்களின் குரலை ஒடுக்கிய ஆவணமே மக்களுக்கு ஒரு கொடியையும் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் மற்ற பக்கங்கள் காலாவதியாகிவிட்டன. இந்தப் பகுதி இன்றும் உயிரோடு இருக்கிறது.

கொடியை ஒழுங்குபடுத்தும் வேலையை அரசர் மகேந்திரா, சங்கர் நாத் ரிமால் என்ற சிவில் இன்ஜினியரிடம் ஒப்படைத்தார். சூரியனிலும் பிறையிலும் இருந்த முகங்கள் நீங்கின. கோடும் வட்டமும் மட்டும் மிஞ்சின. அட்டவணையைப் படித்தால் அதில் பொறியாளரின் கை தெரிகிறது. கட்டடத் தளத்தில் கொத்தனாருக்குச் சொல்வதைப் போலவே வரிசை இருக்கிறது. முந்தைய படியில் கிடைத்த புள்ளியை வைத்துத்தான் அடுத்த படி. எந்த இடத்திலும் இத்தனை அங்குலம், இத்தனை சென்டிமீட்டர், இத்தனை டிகிரி என்ற பேச்சே இல்லை. மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, சரிபாதி ஆகிய மூன்றும்தான் வருகின்றன. முதல் கோடு எவ்வளவு நீளம் என்பது வரைகிறவர் விருப்பம். மீதி எல்லாம் அந்த ஒரு கோட்டிலிருந்தே பிறக்கின்றன. நம் சிற்பிகள் சிலையின் முக நீளத்தை ஒரு தாளம் என்று வைத்துக்கொண்டு, நவதாளம், தசதாளம் என்று முழு உருவத்தையும் அதிலிருந்தே அளந்தெடுப்பார்களே, அந்த முறையின் உறவுக்காரன் இது.

வரைந்து பார்த்தால்தான் இதன் நேர்த்தி பிடிபடும். அடிக்கோட்டை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் இடது முனையிலிருந்து செங்குத்தாக, அடிக்கோட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, 40 செ.மீ. கோடு. இதுதான் கம்பத்தை ஒட்டி நிற்கும் பக்கம். அந்தச் செங்குத்தில் கீழிருந்து 30 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி வைத்து, அதை அடிக்கோட்டின் வலது முனையோடு சாய்வாகச் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சமம் என்பதால் 45 டிகிரிச் சாய்வு தானாகவே அமைந்துவிடுகிறது, கோணமானி வேண்டியதில்லை. இனி வலது முனையிலிருந்து சாய்கோட்டின் மேலேயே 30 செ.மீ. அளந்து ஒரு புள்ளி. அதைத் தொட்டுக்கொண்டு, கம்பப் பக்கத்திலிருந்து வலப்புறமாக அடிக்கோட்டுக்கு இணையாக 30 செ.மீ. கோடு. அதன் முனையைச் செங்குத்தின் உச்சியோடு சேர்த்தால் இரண்டு முக்கோணங்களும் வந்துவிட்டன. ஐந்தே படிகள்.

இந்த ஐந்தில் நான்காவது படி என் மனதுக்குப் பிடித்தது. மேல்முக்கோணம் எந்த உயரத்தில் தொடங்க வேண்டும் என்று யாரும் எண்ணால் சொல்லவில்லை. சாய்கோட்டில் அளந்த புள்ளி அதை முடிவு செய்கிறது. கணக்குப் போட்டால் அந்த உயரம் 21.2 செ.மீ. வரும், 30-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த ஈவு. இதை எழுதத் தொடங்கினால் தசமப்புள்ளிக்குப் பிறகு முடிவே கிடையாது. காம்பஸ் முனைக்கு அந்தச் சிக்கல் இல்லை, நேராகப் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அடுத்தது பிறை. கொடியில் கடினமான பகுதி இதுதான். 24 படிகளில் 13 இதற்கே போகின்றன. கம்பப் பக்கத்திலிருந்து அடிக்கோட்டில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 7.5 செ.மீ. தள்ளி, மேல் சாய்வைத் தொடும் வரை ஒரு செங்குத்து. பிறையும் சூரியனும் இந்தக் கோட்டில்தான் கோத்துக்கொண்டு நிற்கப் போகின்றன. பிறகு மேல்முக்கோணத்தின் கம்பப் பக்கத்தைச் சரிபாதியாக்கி, அந்த நடுப்புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள்: ஒன்று நேர் கிடையாக, மற்றது மேல்முக்கோணத்தின் வலது நுனிக்குச் சாய்வாக. அவை செங்குத்தை வெட்டும் இரண்டு புள்ளிகள்தான் பிறையின் இரண்டு மையங்கள். மேலே உள்ளது பிறையின் உள்வளைவுக்கு, கீழே உள்ளது வெளிவளைவுக்கு.

மையம் கிடைத்துவிட்டது, ஆரம் எங்கே? இங்கேதான் அட்டவணை ஒரு அழகான காரியம் செய்கிறது. கீழ்முக்கோணத்தின் சாய்கோடு மேல்முக்கோணத்துக்குள்ளும் நீண்டு கிடக்கிறது அல்லவா? தைத்த கொடியில் அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியாது. கீழ்மையத்திலிருந்து அந்தத் தெரியாத கோட்டுக்கு எவ்வளவு குறுகிய தூரம் என்று பார்க்கச் சொல்கிறது. மூலைமட்டத்தை வைத்துச் செங்குத்து இறக்கினால் 4.07 செ.மீ. அதைக் காம்பஸில் எடுத்து, அதே மையத்திலிருந்து நேர் கீழே ஒரு புள்ளி. மேல்மையத்திலிருந்து அந்தப் புள்ளி வரைக்குமான 6.42 செ.மீ. உள்வளைவின் ஆரம். அந்த வளைவு, கீழ்மையத்தின் வழியே போகும் கிடைக்கோட்டை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வெட்டுமிடங்கள் பிறையின் கொம்புகள். கீழ்மையத்தில் காம்பஸை ஊன்றி, கொம்பிலிருந்து கொம்புக்கு ஓர் அரைவட்டம் சுற்றினால் பிறை முழுதாகிறது. நடுவில் அதன் தடிமன் 1.9 செ.மீ. தாளில் பார்த்தால் மெலிந்தும் இல்லை, பருத்தும் இல்லை.

பிறைக்கு மேலே நிற்கும் கதிர்களுக்கு இன்னும் நான்கு படிகள். அவற்றில் உள்வளைவின் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு சிறிய நாண் வரும். அந்த நாணுக்கும் வளைவின் அடிப்புள்ளிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 1.29 செ.மீ. இதை மறந்துவிடாமல் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

சூரியனுக்கு நான்கே படிகள் போதும். கீழ்முக்கோணத்தின் கம்பப் பக்கத்தைப் பாதியாக்கி, அங்கிருந்து போகும் கிடைக்கோடு செங்குத்தை வெட்டுமிடத்தில் மையம். இரண்டு வட்டங்களுக்கும் ஆரத்தைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. உள்வட்டத்துக்கு அந்த 4.07, வெளிவட்டத்துக்கு அந்த 6.42. சூரியன் தன் அளவைச் சந்திரனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது! கடைசியில் கொடியைச் சுற்றி ஓடும் நீலக் கரை எவ்வளவு அகலம் என்று பார்த்தால், பிறைக்குள் குறித்து வைத்தோமே, அந்த 1.29 செ.மீ. ஆகவே பிறையில் காம்பஸ் அரை மில்லிமீட்டர் நழுவினால் சூரியனும் நழுவும், கரையும் நழுவும். மேல்முக்கோணத்தில் இருக்கும் ஒரு சிறிய பிறைதான் முழுக் கொடிக்கும் அளவுகோல்.

ஐந்து முனைகளிலும் கரையின் வெளிக்கோணம் உள்கோணத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது 23ஆவது படி. அதாவது முனைகளை மழுக்கக் கூடாது. கூராகவே நீட்ட வேண்டும். இதற்கு ஒரு விளைவு உண்டு. சிவப்புப் பகுதியில் இரண்டு முக்கோணங்களும் ஒரே அகலம். ஆனால் மேல்நுனி சுமார் 32 டிகிரி, கீழ்நுனி 45 டிகிரி. கூர்மை கூடிய முனையில் கரை அதிகமாக நீளும். எனவே கரை கட்டியபின் மேல்நுனி கீழ்நுனியைவிட ஏறக்குறைய 14 மி.மீ. முன்னால் போய் நிற்கும். கடைகளில் விற்கும் கொடிகளில் இரண்டு நுனியும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், அதை வெட்டியவர் அட்டவணையைப் பார்க்கவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

கரையோடு சேர்த்து உயரத்தை அகலத்தால் வகுத்தால் 1.219 என்று தொடங்கும் ஓர் எண் வரும். எந்த இரண்டு முழு எண்களின் விகிதமாகவும் அதை எழுத முடியாது. பிறையின் வளைவுகள் வழியாகக் கரைக்குள் நுழைந்த வர்க்கமூலங்கள் அதில் ஒளிந்திருக்கின்றன. கணிதப் பிரியர்களுக்கு இந்தக் கொடி மேல் தீராத காதல் வந்ததற்குக் காரணம் இதுதான். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது, எழுத்தில் அடங்காத ஓர் எண்ணை, எண்ணே எழுதாமல் ஒரு தையற்காரரின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வழி.

நம் மூவர்ணக்கொடியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை தீர்மானமாகக் கொடியை ஏற்றது. அரசமைப்புச் சட்டத்துக்குள் கொடியைப் பற்றிய விவரம் கிடையாது. அளவுகளைக் கொடிச் சட்டத் தொகுப்பும் இந்தியத் தர நிர்ணயமும் சொல்கின்றன: 6,300க்கு 4,200 மி.மீ. முதல் 150க்கு 100 மி.மீ. வரை ஒன்பது அளவுகள், ஒவ்வொன்றுக்கும் சக்கரம் எவ்வளவு என்று பட்டியல். 900க்கு 600 கொடியில் சக்கரம் 185 மி.மீ.; வெள்ளைப் பட்டையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். மேசைமேல் வைக்கும் 150க்கு 100 கொடியில் 25 மி.மீ., முக்கால் பங்குதான். பட்டியல் முறையில் இப்படி நேர்வது இயல்பு. ஒவ்வொரு அளவும் தனித்தனியாக நிர்ணயிக்கப்படுகிறது. நேபாள முறையில் சட்டைப்பையில் குத்தும் கொடிக்கும் மைதானம் நிறைக்கும் கொடிக்கும் உருவம் ஒன்றேதான். பெரிய கொடி வேண்டுமென்றால் காம்பஸுக்குப் பதில் முளையும் கயிறும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்ட அட்டவணை ஓர் இடத்தில் கையை நம்பி விட்டுவிடுகிறது. பிறைக்கு எட்டு, சூரியனுக்குப் பன்னிரண்டு, சமமான ஒரே மாதிரியான முக்கோணங்கள் வேண்டும் என்கிறது. எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை. பள்ளியில் காம்பஸ் பிடித்தவர்களுக்கு இது சிரமமில்லை. வட்டத்தை அதன் ஆரத்தாலேயே சுற்றி வெட்டினால் ஆறு. ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. சூரியனின் இரண்டு கதிர்நுனிகள் செங்குத்தைத் தொட வேண்டும் என்று சொல்லியிருப்பதால் வெட்டத் தொடங்கும் இடமும் கிடைத்துவிடுகிறது: உச்சி. பிறையின் வில்லை மூன்று முறை பாதியாக்கினால் எட்டு. பிறைக்குக் கதிர்கள் மொத்தம் பதினாறு, அவற்றில் எட்டுதான் தெரிகின்றன என்று சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. காரணம் அங்கே எழுதப்படவில்லை. சந்திரனுக்குப் பதினாறு கலை, ஆதித்தர் பன்னிருவர் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இருக்காது.

கொடியின் சிவப்பு, நேபாளத்தின் தேசியப் பூவான லாலிகுராஸின் நிறம். அந்த மரம் நமக்குத் தெரியாததில்லை. அதன் ஒரு கிளைவகைதான் நீலகிரியிலும் பழனி மலையிலும் காட்டுப்பூவரசு என்ற பெயரில் குளிர்காலம் முடியும் நேரத்தில் சிவந்து நிற்கிறது.

1962க்குப் பிறகு நேபாளம் அடியோடு மாறிவிட்டது. 1990இல் மக்கள் எழுச்சியால் பல கட்சி ஆட்சியும் புதிய அரசமைப்பும் வந்தன. உள்நாட்டுப் போர் வந்து போனது. 2007இல் இடைக்கால அரசமைப்பு. அதே ஆண்டில் அரசரை வாழ்த்திய பழைய கீதம் போய்ப் புதிய தேசிய கீதம் வந்தது. 2008 மே 28 அன்று மன்னராட்சியே முடிந்தது. 2015 செப்டம்பர் 20 அன்று இன்னொரு அரசமைப்பு. இத்தனை மாற்றத்திலும் கொடி வரையும் முறை முதல் அட்டவணையாகவே தொடர்கிறது. பிறை அரச குடும்பத்தின் அடையாளம் என்ற விளக்கம் உலவிவந்தும் குடியரசு பிறையை எடுக்கவில்லை. அதை எடுத்தால் சூரியனுக்கும் கரைக்கும் அளவு எங்கிருந்து வரும் என்று யாராவது யோசித்தார்களா, தெரியாது. ஆனால் வரைந்து பார்த்தவர்களுக்கு அது தோன்றாமல் இருக்காது.

வரைய நினைக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. தாளின் விளிம்பை ஒட்டி அடிக்கோட்டைப் போட்டுவிட்டால் கரைக்கு இடம் இருக்காது. கரை, சிவப்புக்கு வெளியேதான் வருகிறது. அதன் அகலமோ பிறை முடிந்த பிறகுதான் தெரியவரும். 30 செ.மீ. அடிக்கோட்டுக்கு முழுக் கொடி 35.8 செ.மீ. அகலம், 43.6 செ.மீ. உயரம். வேறு அளவென்றால், அடிக்கோட்டைப் போல அகலத்தில் ஒன்றேகால் மடங்கும் உயரத்தில் ஒன்றரை மடங்கும் உள்ள தாளை எடுத்துக்கொண்டால் நெருக்கடி இல்லை. துணியில் தைப்பதென்றால் 24ஆவது படியையும் பார்த்துவிட வேண்டும்: கயிற்றில் கட்டும் கொடிக்கு இந்தக் கரை போதும், கழியில் செருகும் கொடிக்கு, கழி நுழையும் அளவுக்குக் கம்பப் பக்கத்துக் கரையை மட்டும் அகலமாக்கிக்கொள்ளலாம்.